பத்து மீட்டர் போதும்

ஆரம்பாக்கத்தில் ‘ஏர் கன்’ என்று சொன்னால் கேட்பவருக்கு இரண்டில் ஒன்றுதான் ஞாபகம் வரும். திருவிழாவில் தட்டி முழுக்கப் பலூன் கட்டிவைத்துச் சுடச் சொல்லும் கடை, இல்லையென்றால் ஏரிக்கரையில் கொக்கும் மடையானும் தேடித் திரிகிற ஆள். நான் சேர்த்து வைத்திருப்பது மூன்றாவது வகை. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு காகித அட்டையின் நடுப்புள்ளியைத் தொடுவதற்கென்றே செய்த போட்டித் துப்பாக்கிகள். அதிலும் 1950-களிலிருந்து 80-கள் வரை வந்த, ஸ்பிரிங்கில் வேலை செய்யும் பழைய ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும்.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் இருக்கிற இடம் அப்படி. ஜி.என்.டி. ரோட்டில் தமிழ்நாடு முடிகிற இடத்தில் இருக்கிறோம், தாண்டினால் ஆந்திராவின் தடா. கிழக்கே பழவேற்காடு ஏரி. மழை தொடங்கினால் பூநாரைகள் வர ஆரம்பிக்கும், கூடவே உள்ளான், கடற்காக்கை, வாத்து வகைகள். ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கம் 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே ஒரு பறவையைச் சுட்டால் ஜெயில்தான். நீளமான பெட்டியோடு நான் ரயிலை விட்டு இறங்கி வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா, ஏரியில் காலமெல்லாம் இறால் பிடித்தவர், நேராகவே கேட்டார்: “இன்னாபா, கொக்கு சுடவா?” கேட்க வேண்டிய கேள்வி அது. பெட்டியைத் திறந்து காட்டி, அட்டையையும் காட்டி, வீட்டுப் பின்பக்கம் சுவரோரம் குண்டைப் பிடிக்க வைத்திருக்கும் இரும்புப் பெட்டியையும் காட்டினேன். அவர் ஒரு முறை சுட்டும் பார்த்தார். அதற்கப்புறம் தெருவில் எனக்காகப் பதில் சொல்கிறவர் அவர்தான்.

அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய ஒரு இயக்கம் பற்றி இங்கே சொல்லலாம். பறவைகளைக் காப்பாற்ற, வீட்டிலிருக்கும் ஏர் கன்னை மக்களே முன்வந்து ஒப்படைக்கும்படி அரசு கேட்டது. ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. எனக்கு அதில் முழு உடன்பாடு. போட்டி ரைபிளின் பெல்லட்டும், அந்தச் சின்ன ஈயக் குண்டும், ஒரு சிட்டுக்குருவியைக் கொல்லும், சந்தேகமே வேண்டாம். அதனால்தான் என்னுடையவை எல்லாம் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன, சாவி என் இடுப்பில். காகிதத்தைத் தவிர வேறு எதன் மீதும் இதுவரை அவை திரும்பியதில்லை, இனியும் திரும்பாது.

எனக்கு இந்த ஆசை பலூன் கடையில்தான் பிறந்தது. மெரினாவில் வரிசையாக இருக்குமே, அதே மாதிரிக் கடைகள் எங்கள் பக்கத் திருவிழாக்களுக்கும் வரும். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் வேலை செய்கிறவன். பலூன் வெடிப்பதை விட, குழலை மடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குக் கண். ஒரு கடைக்காரர் அண்ணன், காற்றுப் போய்விட்டது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு ரைபிளை எனக்கே கொடுத்துவிட்டார். நம் நாட்டுப் பட்டறைகளில் செய்த ரைபிள்தான், ஆனால் வடிவம் ஜெர்மனியின் டயானா கம்பெனி மாடல். இந்தியாவில் ஓடும் பழைய மடக்கு ரைபிள்கள் பலவற்றின் மூதாதை டயானாதான்.

அதைப் பிரித்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துப்பாக்கிகளின் மொத்த ரகசியமும் அதற்குள் இருக்கிறது. கட்டையைக் கழற்றினால் ஒரு நீளக் குழாய். அதற்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு முன்னால் பிஸ்டன். ஸ்பிரிங் எப்போதும் ஓரளவு அமுங்கிய நிலையில்தான் நிற்கும். பின்மூடியைக் கையால் திருகிக் கழற்றினால் முகத்தில் பாயும். லேத்தின் டெயில்ஸ்டாக்கைக் கொண்டு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னைத் தட்டி எடுத்து, மெதுவாகத் தளர்த்தினேன். உள்ளே கறுத்துக் கெட்டியான கிரீஸ். பிஸ்டன் தலையில் ஒரு தோல் வாசர், சைக்கிள் பம்புக்குள் இருக்குமே, அதே கிண்ண வடிவம். காய்ந்து ஓரமெல்லாம் வெடித்திருந்தது. செருப்புத் தைக்கிற அண்ணனிடம் தடித்த தோல் வாங்கி, வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, நானே கடைந்த ஒரு அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக்கினேன். மறுநாள் பொருத்திச் சுட்டபோது, முன்பு ‘புஸ்’ என்று போனது ‘டொப்’ என்று போனது. கிண்ணத்தின் வாய் முன்பக்கம் பார்த்திருப்பதால், காற்று அழுத்தம் ஏற ஏற அதன் ஓரம் விரிந்து குழாயோடு இன்னும் இறுகிக்கொள்ளும். எவ்வளவு எளிமையான, எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு!

ஆனால் அந்த ரைபிளை வைத்து அட்டையில் ஒரே இடத்தில் இரண்டு பெல்லட் போடுவது பெரும்பாடு. குழலும் கோணல், குறி பார்க்கும் சைட்டும் ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும், அவை சரியாக இருந்தாலுமே கஷ்டம்தான். ட்ரிகரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அந்தக் கணமே துப்பாக்கியின் உடம்பு பின்னால் நகர்கிறது. பிஸ்டன் குழாயின் முனையில் போய் நிற்கும்போது உடம்பு முன்னால் இழுபடுகிறது. இந்தக் குலுக்கலெல்லாம் தொடங்கி நடந்துகொண்டிருக்கும்போது பெல்லட் இன்னும் குழலை விட்டே வெளியேறியிருக்காது. இடது கை பிடியைக் கொஞ்சம் மாற்றினால் போதும், பெல்லட் விழும் இடமும் மாறிவிடும்.

இந்தக் குலுக்கலுக்குப் பதில் தேடியது ஜெர்மனி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே ஆயுதம் செய்யத் தடை இருந்தது. தடை தளர ஆரம்பித்தபோது முதலில் கிடைத்த அனுமதிகளில் ஏர் கன் ஒன்று. போர்த் துப்பாக்கி செய்த கைகளெல்லாம் இந்தச் சின்ன விஷயத்தில் இறங்கின. பெரிய ஃபாக்டரியின் பொறியாளர்கள் ஒரு காகித அட்டையின் பிரச்சினைக்குத் தங்கள் முழு மூளையையும் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் நெகிழ்ச்சியான செய்தி. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழி கண்டது. ராஷ்டாட்டில் இருந்த டயானா, கிஸ் என்பவர் வடிவமைத்த முறையை எடுத்துக்கொண்டது: ஒரே குழாயில் இரண்டு பிஸ்டன்கள், ஒன்று முன்னால் பாயும்போது இன்னொன்று பின்னால் பாயும். இடையில் ஒரு பல்சக்கரம் இரண்டையும் கட்டிப்போட்டிருக்கும். முன்னது காற்றை அழுத்துகிறது, பின்னது ஒரு வேலையும் செய்யாமல் அதிர்வை மட்டும் ரத்து செய்கிறது. மாடல் 6 பிஸ்டலும், 60, 65, 66, 75 ரைபிள்களும் இப்படித்தான். ஆன்ஷுட்ஸ் 250 மாடல் எண்ணெயை வைத்து அதிர்வை விழுங்கியது. வால்தர் எல்.ஜி.வி. எடையை ஏற்றிச் சமாளித்தது.

என் மனசுக்குப் பிடித்த பதில் ஃபைன்வெர்க்பாவுடையது. ஓபர்ண்டோர்ஃப் ஊரில் வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற இருவர் தொடங்கிய கம்பெனி. இருவரும் மௌசர் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் அதிர்வைத் தடுக்கவே முயலவில்லை. துப்பாக்கியின் மேல்பாகம் முழுவதையும் ஒரு சறுக்குத் தண்டவாளத்தில் உட்கார வைத்தார்கள். சுட்டதும் குழல், ஸ்பிரிங், பிஸ்டன் எல்லாம் சேர்ந்து பின்னால் நழுவும். கையில் இருக்கும் பிடியும் தோளில் இருக்கும் கட்டையும் அசையாது.

என்னிடம் இருக்கும் ஃபைன்வெர்க்பா 65 பிஸ்டல், சென்னையில் ஒரு மூத்த ஷூட்டர் புதுசுக்கு மாறியபோது கொடுத்தது. 1965-ல் வந்த மாடல், முப்பது ஆண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. எடை சுமார் 1.2 கிலோ. நீட்டிய ஒற்றைக் கையில் பிடித்துப் பாருங்கள், அந்த 1.2 கிலோ என்னவென்று தெரியும். பக்கவாட்டில் இருக்கும் லீவரை விரித்துப் பின்னால் கொண்டுவந்தால் ஸ்பிரிங் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். குழலின் பின்வாய் திறந்து நிற்கும். தட்டைத்தலை பெல்லட்டை வைத்துக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, லீவரை மூடினால் தயார். ட்ரிகர் 500 கிராம் எடையில் விழும். ஒரு சின்னக் குமிழைத் திருப்பினால் அதுவே 1,360 கிராமாகும். கனமான ட்ரிகர் உள்ள பிஸ்டல் போட்டிகளுக்கு இதை வைத்தே பழகிக்கொள்ளத்தான் இந்த வசதி. ட்ரிகரின் முதல் கட்டம் முடிந்து விரல் ஒரு சுவரில் முட்டுவதுபோல் நிற்கும். அங்கிருந்து இன்னும் ஒரு எண்ணம் அளவு அழுத்தம். அவ்வளவுதான். கைக்கு ஒன்றுமே தெரியாது. மேல்பாகம் சில மில்லிமீட்டர் பின்னால் போயிருப்பதைக் கண்தான் பார்க்கும். அட்டையில் பஞ்சிங் மெஷினால் குத்தியது மாதிரி சுத்தமான வட்டத் துளை இருக்கும். தட்டைத்தலை பெல்லட்டின் வேலையே அதுதான், காகிதத்தைக் கிழிக்காமல் வெட்டுவது, துளையை வைத்துச் சரியாக மதிப்பெண் போட.

ஏர் பிஸ்டல் அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ரைபிளுக்கு அது வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி; பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டால் பத்து. 1980-களின் கடைசி வரை அந்தப் புள்ளி 1 மில்லிமீட்டராக இருந்தது. துப்பாக்கிகளும் ஆட்களும் தேறிவிட்டதால் சிறிதாக்கினார்கள்.

சினிமா பிரியர்களுக்கு ஒரு செய்தி. ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாகத் துப்பாக்கியைக் கன்னத்தருகே வைத்து நிற்கும் புகழ்பெற்ற படம் இருக்கிறதல்லவா, ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ விளம்பரத்துக்காக எடுத்தது? அந்த நீளக்குழல் துப்பாக்கி நிஜத் துப்பாக்கியே இல்லை. வால்தர் எல்.பி.53 என்ற ஏர் பிஸ்டல்! பாண்டின் பி.பி.கே. துப்பாக்கியை ஸ்டுடியோவுக்கு யாரும் கொண்டுவரவில்லை. குறி சுடும் பழக்கமுள்ள புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னுடையதைக் கொடுத்து நிற்க வைத்தார். 2010-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தப் பிஸ்டல் 2,77,250 பவுண்டுக்குப் போனது. எல்.பி.53 ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் நெடுநாள் ஆசை.

உலகச் சாம்பியன்ஷிப்பில் ஏர் ரைபிள் 1966-ல் சேர்ந்தது, ஏர் பிஸ்டல் 1970-ல். ஒலிம்பிக்குக்கு வர 1984 லாஸ் ஏஞ்சலீஸ், 1988 சியோல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஸ்பிரிங் காலம் முடிந்துவிட்டது. 1974-ல் வால்தர் எல்.ஜி.ஆர். ரைபிளை இறக்கியது. லீவரை ஒரு தரம் இழுத்தால் காற்று முன்கூட்டியே அமுக்கப்பட்டு அறைக்குள் காத்திருக்கும்; சுடும்போது கனமான பிஸ்டன் எதுவும் ஓடாது, அதனால் அதிர்வுமில்லை. பிறகு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதற்கும் பிறகு 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 700.5 எடுத்துத் தங்கம் வாங்கினாரே, கடைசிக் குண்டு 10.8 போட்டு, அது இந்தச் சிலிண்டர் யுகம்.

நம் ஆட்களும் இதில் சாதாரணமில்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக்கோப்பையில் ஏர் ரைபிள் தங்கம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். பாரிஸில் பத்தாம் இடம். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச்சுற்று. தமிழ்நாட்டின் ஸ்ரீ நிவேதா 2021 டெல்லி உலகக்கோப்பையில் மனு பாக்கர், யஷஸ்வினி தேஸ்வாலோடு சேர்ந்து ஏர் பிஸ்டல் அணித் தங்கம் வென்றார். நர்மதா நிதின் 2023-ல் கெய்ரோவில் ருத்ராங்க்ஷ் பாட்டீலோடு கலப்பு அணித் தங்கம். நடிகர் அஜித் மாநிலப் போட்டிகளில் பிஸ்டல் சுட்டுப் பதக்கம் வாங்கியபிறகு, துப்பாக்கி சுடும் ரேஞ்ச் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் கூட விசாரிக்க ஆரம்பித்தன. அது நல்ல விஷயம்தான்.

ஆனால் விசாரித்தவர்களில் எங்கள் கரையிலிருந்து போனவர்கள் யார்? எனக்குத் தெரிந்து யாருமில்லை. ஒரு புதுப் போட்டி ரைபிளின் விலை லட்சங்களில். சிலிண்டருக்குக் காற்று நிரப்ப உயர் அழுத்தக் கம்ப்ரசர் வேண்டும். ரேஞ்ச் சென்னையில். எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போய் வருவதற்குள் ஒரு பிள்ளைக்கு நாள் முடிந்துவிடும். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ வழக்கப்படி, தன் முறை வரும் நாளில்தான் அப்பாவுக்கு வருமானம். அந்த வீட்டில் போய் “மூணு லட்சம் போட்டு ரைபிள் வாங்குங்க” என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதைத் தாண்டி. இவற்றுக்குச் சிலிண்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு தரம் லீவரை இழுத்தால் ஒரு குண்டு. கெட்டால் எந்த லேத் பட்டறையிலும் ரிப்பேர் பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். ஸ்பிரிங் துப்பாக்கியில் ட்ரிகர் விழுந்த பிறகு பெல்லட் வெளியேற ஆகும் நேரம் புதுத் துப்பாக்கிகளை விட அதிகம். சுட்டு முடித்தோம் என்று நினைத்துத் தலையைத் தூக்கினால், கையைத் தளர்த்தினால், அட்டை உடனே காட்டிக்கொடுக்கும். சுட்ட பிறகும் சைட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், உடம்பை அசைக்காமல் நிற்கும் பழக்கத்தைக் கோச் எவ்வளவு சொன்னாலும் வராது. ஸ்பிரிங் துப்பாக்கி அதை ஒரு மாதத்தில் வரவைத்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் பேரன் பள்ளி முடிந்து வந்து என்னிடம் பழகுகிறான், அவன் அப்பா பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ரைபிளைத் தோளில் வைத்ததும் அவன் நின்ற விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். கால்களை யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியான அகலத்தில் வைத்தான். இடுப்பு தானாகவே எடையைத் தாங்கியது. ஆடும் படகில் நின்று கோல் ஊன்றிப் பழகிய உடம்பு சமநிலையைத் தேடி எடுத்துக்கொள்கிறது. நின்று சுடும் ஏர் ரைபிளில் பாதிக்குமேல் அதுதான். அவன் துளைகள் நடுவிலிருந்து தள்ளித்தான் விழுந்தன, ஆனால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவுக்குக் கொண்டுவர சைட்டைத் திருகினால் போதும். அப்படி நெருக்கமாகப் போடுவதற்குத்தான் வருஷங்கள் ஆகும்.

எங்கள் சுற்றுவட்டாரக் குப்பங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. புயல் இல்லாத நாட்களில் அந்தக் கூடங்களில் பத்து மீட்டர் ரேஞ்ச் போடலாம். பின்னால் இரும்புத் தகடு சாய்த்து, பெல்லட் தெறிக்காமல் உள்ளே விழும்படி பெட்டி. சுடுகிறவர் வரிசைக்கு முன்னால் யாரும் போக முடியாத ஒரே வாசல். துப்பாக்கிக்குப் பூட்டு அலமாரி. பொறுப்பான பெரியவர் ஒருவர். போலீஸ் ஸ்டேஷனுக்கும் பஞ்சாயத்துக்கும் முறையாகத் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 0.177 அங்குலத் துளைக்கோ 20 ஜூல் குழல்முனைச் சக்திக்கோ மேற்பட்ட ஏர் கன்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். போட்டித் துப்பாக்கிகள் ஏழெட்டு ஜூலுக்குள்தான் நிற்கும். இதற்காக ஊர்ப் பெரியவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பறவை சுடப் பழக்குகிறான் என்ற பேச்சு வரும் என்று தெரியும். முதல் நாளே வனத்துறை ஆட்களைக் கூப்பிட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பூநாரை பற்றிப் பேசவைக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு நினைப்பும் அடிக்கடி வரும். டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, இங்கேயே வெடிமருந்து தயாரித்துக் கிழக்கே தங்கள் கோட்டைகளுக்கெல்லாம் கப்பலேற்றினார்கள். அந்த மருந்தின் புகை படிந்த கரையில், மருந்தே இல்லாத, வெறும் காற்றில் ஓடும் துப்பாக்கியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் காகிதத்தில் சுடச் சொல்வதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

பராமரிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு. உப்புக்காற்றுதான் நம் எதிரி. தொட்ட கைரேகை ஒரே ராத்திரியில் துருவாகும். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் வெளியே துடைத்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், ஈரத்தை அது விடாது. மர அலமாரியே நல்லது. ஃபைன்வெர்க்பாவில் பிஸ்டன் வளையம் இரும்பு, அது எளிதில் தேயாது, உள்ளே இருக்கும் பஃபர்தான் நாளடைவில் உதிரும். பழைய வால்தர்களில் சீல் பொடிப்பொடியாகிக் கிடக்கும், பயப்பட வேண்டாம், புதுசு கடைந்து போடலாம். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் இரும்போடு இரும்பாக மோதும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஏர் ரைபிள் இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பெல்லட் உள்ளே இருக்கிறதென்றே நினைத்துக் கையாளுங்கள். குழலுக்குப் பின்னால் இருக்கும் இரும்பில் பாருங்கள்: டயானாவாக இருந்தால், வில்லை வீசிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கி நிற்கும் பெண் தெய்வம் பொறித்திருக்கும், பக்கத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் சின்ன எண்களாக இருக்கலாம். ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ எழுத்து இருந்தால் 7.5 ஜூலுக்கு உட்பட்ட, ஜெர்மன் சந்தைக்கான சரக்கு, 1970-களிலிருந்து வந்த அடையாளம் அது. சத்தம் வரவில்லை, காற்று வரவில்லை என்று ஓட்டை வழியாகத் தேங்காயெண்ணெயோ மெஷின் ஆயிலோ ஊற்றிவிடாதீர்கள். அழுத்தத்தில் சூடாகும் காற்றில் எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்கும், ஸ்பிரிங்கும் போய்விடும். தோல் வாசர் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு எழுதுங்கள். வெட்டித் தருகிறேன்.